ஒருவரும் பலரும்: சிலம்பப் பயிற்சியைத் தமிழாய்வு அணுக வேண்டிய முறை (கங்கைகொண்ட சோழபுரத்தை முன்வைத்து ஒரு கருத்துரை)

ஆய்வுச்சுருக்கம்

சிலம்பக் கலையில் ஒருவர் பலரை எதிர்கொள்ளும் பயிற்சி முறை ஒன்று உண்டு. இன்றைய போட்டி விதிகளுக்குள் அதற்கு இடமில்லை. போட்டியில் இடம்பெறாதது பயிற்சிக் களத்திலும் குறைந்து வருகிறது. அதனோடு அதற்குரிய சொற்களும் மறைகின்றன. மறுபுறம், அப்பயிற்சியைச் சோழர் படையோடு நேரடியாக இணைத்துப் பேசும் போக்கு விழா மேடைகளிலும் சில ஆய்வேடுகளிலும் வளர்ந்து வருகிறது. கங்கைகொண்ட சோழபுரத்துச் சான்றுகள் அவ்விணைப்புக்கு இடம் தரவில்லை என்பதும், தொல்காப்பியப் புறத்துறைகளை இப்பயிற்சியோடு ஒப்பிட வேறொரு நேரிய வழி உண்டு என்பதும், பயிற்சியைச் சொல்லோடு சேர்த்துப் பதிவு செய்வது தமிழ்த்துறைகளின் கடமை என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: சிலம்பம், கங்கைகொண்ட சோழபுரம், தும்பைத்திணை, நூழில், தார்நிலை, வீடு கட்டுதல், கலைச்சொல் பதிவு.

முன்னுரை

அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால், ஒரு தலைநகரின் வரைபடமே கண்முன் விரிவது போலத் தோன்றும். உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், கடாரங்கொண்டான், வீரசோழபுரம் என்பன அவற்றுட் சில. முதலாம் இராசேந்திரன் 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைத்த இந்நகரம், 1279-இல் சோழராட்சி முடியும்வரை ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் தலைநகராக விளங்கியது. இன்று எஞ்சியிருப்பவை கோயிலும், மாளிகைமேட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட செங்கற் சுவர்களும், ஏரிக்கரையும், இந்த ஊர்ப்பெயர்களுமே.

இப்பெயர்களுள் ஆயுதக்களமும் மெய்க்காவல்புத்தூரும் அண்மைக்காலத்தில் புதியதொரு பயன்பாட்டுக்கு உள்ளாகியுள்ளன. சிலம்பம் பற்றிய உரைகளிலும், ஒரு சில கருத்தரங்கக் கட்டுரைகளிலும், இவ்விரு பெயர்களும் சோழர் காலத்துச் சிலம்பப் பயிற்சிக்குச் சான்றுகளாக எடுத்தாளப்படுகின்றன. "ஒருவர் நூறுபேரை எதிர்க்கும் பயிற்சி இம்மண்ணில் நடந்தது" என்ற கூற்று இப்பெயர்களின் துணையோடு சொல்லப்படுகிறது. கேட்பதற்கு இனிய கூற்றே. ஆயினும் ஆய்விதழ் ஒன்றில் அது எழுதப்படும்போது, சான்று எது, ஊகம் எது என்று பிரித்துக் கேட்க வேண்டிய கடமை நமக்கு உண்டு.

இக்கட்டுரை சிலம்பத்தின் பெருமையைக் குறைக்க எழுதப்பட்டதன்று. அதன் மெய்யான பெருமை, நாம் கேட்கத் தவறிய இடத்தில் இருக்கிறது என்பதைச் சுட்டவே எழுதப்பட்டது.

கல்வெட்டு சொல்வதும் சொல்லாததும்

சோழர் படையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகள் குறைவல்ல. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகள் பல படைப்பிரிவுகளைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. பண்டிதசோழத் தெரிந்த வில்லிகள், சிங்களாந்தகத் தெரிந்த கைக்கோளர், வலங்கை வேளைக்காரப் படைகள் என வரும் பெயர்களிலிருந்து மூன்று செய்திகளை அறிகிறோம்: அப்படையினர் ஏந்திய கருவி அல்லது சார்ந்த குழு, அவர்களுக்கு வழங்கிய அரசனின் விருதுப்பெயர், அவர்கள் 'தெரிந்த' படையினர், அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டவர், என்பது. எதைக் கொண்டு தேர்ந்தெடுத்தனர், தேர்ந்தபின் எவ்வாறு பயிற்றினர் என்ற வினாக்களுக்கு இக்கல்வெட்டுகளில் விடையில்லை. அவை கோயிலுக்கான அறக்கட்டளைகளைப் பதிவு செய்ய எழுந்தவை. பயிற்சி முறையை எழுதும் தேவை அவற்றுக்கு இல்லை.

இம்மௌனம் எவ்வளவு ஆழமானது என்பதை ஆடற்கலையோடு ஒப்பிட்டால் உணரலாம். தஞ்சைக் கோயிலின் மேல்தளத்தில் 108 கரணங்களுள் 81 கரணங்கள் சிற்பமாக வடிக்கப்பட்டுள்ளன. ஆடுபவர் காலும் கையும் எங்கு நிற்க வேண்டும் என்பது கல்லில் வரிசையாக உள்ளது. படைக்கலப் பயிற்சிக்கு அத்தகைய வரிசை நமக்குக் கிடைக்கவில்லை. அதே அரசன், அதே கோயில், அதே சிற்பிகள். ஆடல் கல்லேறியது, அடிவரிசை கல்லேறவில்லை.

ஊர்ப்பெயர்களுக்கு வருவோம். ஆயுதக்களம் என்பது படைக்கலன் வைத்திருந்த இடத்தையோ, அவற்றைச் செய்த இடத்தையோ, பயின்ற இடத்தையோ குறித்திருக்கலாம். பெயர் மட்டும் கொண்டு இம்மூன்றில் ஒன்றைத் தேர்வது இயலாது. மெய்க்காவல்புத்தூர் என்பதிலும் இரு வழிகள் உள்ளன. மெய்க்காவல் என்பது அரசனின் உடலைக் காப்போரைக் குறிக்கும்; ஆனால் தஞ்சைக் கல்வெட்டுகளில் கோயிற் காவலர் 'திருமெய்க்காப்பு' எனப்படுகின்றனர்; அவர்களை அனுப்ப வேண்டிய ஊர்களின் பட்டியலும் உள்ளது. எனவே மெய்க்காவல்புத்தூர் அரண்மனைக் காவலரின் குடியிருப்பா, கோயிற் காவலரின் குடியிருப்பா என்பது திறந்த வினாவே. அவ்வினாவை மூடிவிட்டு அதன்மேல் ஒரு பயிற்சிக் களத்தை எழுப்புவது முறையன்று.

ஒருவரைப் பலர் சூழ்ந்து தாக்குதல் என்பது இந்நகரத்து அரசர்க்கு ஏட்டளவிலான செய்தியன்று என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. 949-இல் தக்கோலத்தில் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர் நீத்தான். ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், 1054-ஆம் ஆண்டளவில், கொப்பத்துப் போரில் இராசேந்திரனின் மகன் முதலாம் இராசாதிராசன் அவ்வாறே யானைமேல் துஞ்சினான். அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன் அக்களத்திலேயே முடிசூடிப் போரைத் தொடர்ந்தான். அவனது மெய்க்கீர்த்தி, யானையின் மத்தகத்திலும் அரசனின் தொடையிலும் அம்புகள் தைத்ததையும், உடன் ஏறியிருந்த வீரர் வீழ்ந்ததையும் கூறுகிறது. உயரத்தில் இருக்கும் ஒருவன்மேல் அனைவரின் குறியும் குவியும் நிலை அது. அந்நிலையை எதிர்கொள்ள மெய்காப்பாளர் பயின்றிருக்க வேண்டும் என்பது இயல்பான ஊகம். எவ்வாறு பயின்றனர் என்பதற்கு மெய்க்கீர்த்தியிலும் விடையில்லை.

இலக்கணத்தில் ஒருவரும் பலரும்

கல்வெட்டு சொல்லாத இடத்தில் இலக்கணம் சிறிது பேசுகிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் ஒருவன் பலரை எதிர்கொள்ளும் நிலையை ஒரே துறையாகச் சுருக்கவில்லை. சூழலைக் கொண்டு பிரித்துள்ளது. இப்பிரிவு நம் ஆய்வில் உரிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து.

வஞ்சித்திணையில், விரைந்து வரும் வெள்ளத்தைக் கற்சிறை தடுப்பது போல ஒருவன் தனித்து நின்று எதிர்ப்படையைத் தாங்குதல் ஒரு துறை. தும்பைத்திணையின் பன்னிரு துறைகளுள் குறைந்தது மூன்று இப்பொருளோடு நேரடித் தொடர்புடையவை. வேந்தனைப் பகைவர் மொய்த்தபோது ஒருவன் திரும்பிவந்து அவர்களைத் தாக்குதல் தார்நிலை. தன் படை உடைந்தபோது ஒருவன் பின்னணியாகிய கூழையைத் தாங்கி நிற்றல் எருமை; புறப்பொருள் வெண்பாமாலை இதனை எருமை மறம் என வழங்கும். பல படையும் ஒருவனுக்கு உடைய, அவன் வாள்வீசிக் கொன்று குவித்தல் நூழில்.

இந்நான்கையும் இடம் நோக்கிப் பார்த்தால் நான்கு வெவ்வேறு வடிவங்கள் தெரிகின்றன. கற்சிறையில் பகைவர் அனைவரும் முன்னே உள்ளனர். காப்பவனின் பின்புறம் தன்னவர்க்குரியது. தார்நிலையில் பகைவர் வட்டமாக உள்ளனர். காக்கப்படுபவன் நடுவில் உள்ளான். காப்பவன் வெளியிலிருந்து வட்டத்தை உடைக்கிறான். எருமையில் காப்பவன் பின்வாங்கும் படைக்கும் துரத்தும் படைக்கும் இடையே நிற்கிறான். நூழிலில் காப்பவன் எவனையும் காக்கவில்லை. பகைவரின் ஒழுங்கு குலைந்துவிட்டது, அவன் அக்குலைவினுள் இயங்குகிறான். யார் நடுவில் நிற்கிறார், யார் பின்னால் இருக்கிறார், யாரைக் காக்க வேண்டும் என்ற மூன்று வினாக்களும் இப்பகுப்பில் அடங்கியுள்ளன.

ஆனால் இலக்கணமும் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. அது நிலையைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. இலக்கியத்துக்குச் செயலைச் சொல்லும் ஆற்றல் இல்லாமலில்லை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடிய புறநானூற்றுப் பாடல் (80), மற்போரில் ஒரு காலும் மறு காலும் எங்கெங்கு ஊன்றின என்று நுணுக்கமாகக் காட்டுகிறது. போரவை என்னும் அடைமொழியே போர்ப்பயிற்சிக்குரிய அவையைக் குறிக்கும் என்று கொள்வர். ஒருவர்க்கு ஒருவர் என்ற நிலையில் கால்வைப்பு வரை சொன்ன புலமை, ஒருவர்க்குப் பலர் என்ற நிலையில் வெள்ளம், களிறு, புலி என்று உவமைக்குள் சென்றுவிடுகிறது. பலரிடையே இயங்கும் ஒருவனின் காலடியைப் புலவர் காணவில்லை. அல்லது காணும் தொலைவில் இல்லை.

களத்தில் ஒருவரும் பலரும்

அக்காலடியை இன்றும் காணக்கூடிய இடம் சிலம்பக் களமே. பொதுவாக வழங்கும் பயிற்சி முறையை இங்குச் சுருக்கமாகச் சொல்லலாம். களத்துக்குக் களம் வேறுபாடு உண்டு. அடிப்படை பெரிதும் ஒன்றே.

முதலில் மாணவர் தனித்துக் கம்பு சுழற்றுகிறார். கம்பு அவர்தம் நெற்றியளவு உயரமுடையது. மூங்கிலாலோ பிரம்பாலோ ஆனது. நின்ற இடத்தில் சுழற்றுதலில் தேர்ந்தபின் காலடி சேர்க்கப்படுகிறது. நான்கு திசைக்கும் அடிவைத்து, ஒவ்வொரு திசையிலும் திரும்பி, முதுகு நின்ற பக்கம் முகம் வருமாறு இயங்கப் பழகுகிறார். உடலைச் சுற்றி இடைவெளியின்றிக் கம்பு இயங்கும் நிலையை 'வீடு கட்டுதல்' என்பர். பேச்சு வழக்கில் ஒருவரை விடாமல் தாக்குவதை 'வீடு கட்டி அடித்தல்' என்பது இங்கிருந்து சென்ற வழக்கே எனலாம். அடுத்து முன்னும் பின்னுமாக இருவர் கம்போடு நிற்கின்றனர். பின்னர் மூவர், நால்வர் எனக் கூடுகின்றனர். சில களங்களில் சுற்றி நிற்போர் சிறு கற்களையோ பந்துகளையோ எறிய, சுழலும் கம்பு அவற்றைத் தடுக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு.

இப்பயிற்சியில் காண்போர் கண்ணுக்குத் தெரிவது கம்பின் வேகம். பயிற்றுவோர் திருத்துவதோ பெரும்பாலும் காலை. இதன் காரணம் எளிது. கம்பு ஒன்றே; அது ஒரு நொடியில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். முன்னால் நிற்பவரை நோக்கிச் செல்லும்போது பின்புறம் திறந்திருக்கிறது. சுழற்சி ஒரே சீராக இருந்தால், திறக்கும் நேரத்தை எதிரி எண்ணிக் கணித்துவிடுவார். எனவே சுழற்சியின் திசை மாற வேண்டும். அதைவிட முக்கியமாக, நிற்கும் இடம் மாற வேண்டும். நால்வர் நடுவில் நிற்பவர்க்கு நான்கு எதிரிகள். அவர் வட்டத்தின் விளிம்புக்கு நகர்ந்து அவர்களை ஒருவர் பின் ஒருவராக வருமாறு செய்துவிட்டால், அந்நொடிக்கு அவருக்கு எதிரி ஒருவரே. முன்னால் நிற்பவரே பின்னால் உள்ளவருக்குத் தடையாகிவிடுகிறார். பலரை ஒருவராக்குதல் என்பதே இப்பயிற்சியின் உள்ளுறை. கம்பின் சுழற்சி அதற்கு வேண்டிய நேரத்தை ஈட்டித் தருகிறது. அடிப்பது அடுத்த செயல்.

வீடு என்ற சொல்லாட்சி இங்கு எவ்வளவு பொருத்தமானது என்பதைத் தமிழாய்வாளர் எண்ணிப் பார்க்க வேண்டும். கம்பு இயங்கும்வரையே அவ்வீட்டுக்குச் சுவர் உண்டு. கட்டியவர் அதனுள் தங்குவதற்காக அதைக் கட்டுவதில்லை. அதைத் தம்மோடு நகர்த்திக்கொண்டு வெளியேறுவதற்காகவே கட்டுகிறார்.

நோக்கத்தின் வேறுபாடு

இலக்கணமும் களமும் ஒரே பொருளைப் பேசுவது போலத் தோன்றினும், அவற்றின் நோக்கம் எதிரெதிரானது. என் வாதத்தின் மையம் இதுவே.

புறத்துறைகள் நிற்பவனைப் போற்றுகின்றன. கற்சிறை நகராது; நகராமையே அதன் பெருமை. எருமை மறத்தில் ஏனையோர் செல்ல ஒருவன் நிற்கிறான். அவன் வீழ்வான் என்பது ஏறத்தாழ உறுதி. அவ்வுறுதியே பாடலுக்குப் பொருளாகிறது, வீழ்ந்தபின் நடுகல்லுக்கும் பொருளாகிறது. பயிற்சிக் களமோ நிற்காதே என்கிறது. நடுவில் நின்ற மாணவரை ஆசான் திருத்துகிறார். விளிம்புக்கு நகர்ந்து வழி கண்டவரே தேர்ந்தவர். இலக்கியம் உயிர் கொடுத்தவனை நினைக்கிறது. பயிற்சி உயிரோடு வீடு திரும்பும் வழியைக் கற்பிக்கிறது.

இவ்வேறுபாட்டை உணராமல், "நூழில் என்று தொல்காப்பியம் கூறுவதே சிலம்பத்தின் பலரை எதிர்க்கும் முறை" என்று எழுதும்போது இரண்டையும் இழக்கிறோம். இலக்கணத் துறையின் அவலம் மறைகிறது. பயிற்சியின் அறிவு மறைகிறது. மேலும் ஓர் இடர் உண்டு. ஒருவர் நூறுபேரை வெல்லலாம் என்று மேடையில் சொல்லக் கேட்டு வளரும் மாணவர், தெருவில் நால்வர் சூழும்போது நிற்கத் துணிந்தால், அக்கூற்றின் விலையை அவர்தம் உடல் கொடுக்கும். ஆய்வாளர் சொல் மேடைக்குப் போகிறது, மேடைச் சொல் களத்துக்குப் போகிறது. அதனால்தான் இது வெறும் சொல்லாராய்ச்சிச் சிக்கல் அன்று என்கிறேன்.

அப்படியாயின் தொல்காப்பியத் துறைகளுக்கும் பயிற்சிக்கும் ஒப்பீடே கூடாதா? கூடும். தோற்றத்தை நிறுவும் ஒப்பீடு கூடாது. பகுப்பு முறையை விளக்கும் ஒப்பீடு கூடும். ஒருவர்–பலர் நிலையை இலக்கணம் சூழலால் பகுத்தது போல, களமும் சூழலால் பகுக்கிறதா? ஒருவரைக் காத்தபடி இயங்கும் பயிற்சி தனியே உண்டா? குறுகிய இடத்துக்கும் திறந்த வெளிக்கும் வேறு வேறு காலடி உண்டா? அவற்றுக்கு என்னென்ன பெயர்? இவை விடை காணத்தக்க வினாக்கள். விடை ஆசான்களிடம் உள்ளது.

பிறநாட்டுச் சான்று ஒன்று

இத்தகைய பகுப்பு எழுத்தில் நிலைபெற்றால் என்ன நேரும் என்பதற்குப் போர்த்துகல் நாடு ஒரு சான்று. 1651-இல் தியோகோ கோமெஸ் தெ ஃபிகெய்ரெதோ என்பவர், மொந்தாந்தே எனப்படும் இருகை நெடுவாள் பயிற்சி பற்றிச் சிறு குறிப்பேடு ஒன்றை எழுதினார். அதில் எளியவை 16, கூட்டானவை 16 என 32 விதிகள் உள்ளன. முன்னும் பின்னும் பகைவர் உள்ள நிலை, குறுகிய தெரு, அகன்ற தெரு, கப்பலின் நடைவழி, ஒருவரைக் காத்து நிற்றல் என ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு விதி. ஒவ்வொரு விதியிலும் எந்தக் கால் முன்வைக்க வேண்டும், வாள் எத்திசையில் வீச வேண்டும் என்று உரைநடையில் எழுதப்பட்டுள்ளது. அணியோ புகழ்ச்சியோ அதில் இல்லை. நெடுநாள் வழக்கொழிந்த அப்பயிற்சியை இன்று உலகின் பல நாடுகளில் மீட்டு ஆடுகின்றனர். அதற்கு அடிப்படையாக அமைந்தவற்றுள் அச்சிறு ஏடும் ஒன்று.

அந்நாட்டின் வடபகுதியில் ழோகு து பாவ் என்னும் கம்பு விளையாட்டிலும் ஒருவர் பலரை எதிர்கொள்ளும் பயிற்சி இன்றளவும் வழங்குகிறது. சிலம்பத்துக்கும் அதற்கும் தொடர்பு தேட வேண்டியதில்லை. நீண்ட கருவி, பல எதிரிகள் என்ற ஒரே சிக்கல் ஒத்த விடைகளைத் தோற்றுவிக்கும் என்பதே அதனால் அறியத்தக்கது. ஒப்புமை கண்ட இடமெல்லாம் உறவு சொல்லும் பழக்கத்துக்கு இது ஒரு நல்ல மாற்றுமருந்து.

அவர்களிடம் ஏடு உண்டு, இடையறாத மரபு இல்லை. நம்மிடம் மரபு உண்டு. அதன் ஒருவர்–பலர் பகுதிக்கு அத்தகைய விரிவான ஏடு இல்லை. இரண்டுள் எது பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பேறு ஒரு தலைமுறையின் நினைவை மட்டும் நம்பியிருக்கிறது.

போட்டி விதியும் பயிற்சிச் சொல்லும்

சிலம்பத்துக்கு அண்மையில் கிடைத்துள்ள ஏற்பு மகிழத்தக்கது. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்குரிய 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இடம்பெற்றுள்ளது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. பெண்பிள்ளைகள் பெருமளவில் களத்துக்கு வருகின்றனர். எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சிலம்பம் ஒரு வேலைவாய்ப்பின் வாயிலாகவும் ஆகியுள்ளது. இதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் போட்டிக்கு விதி வேண்டும். விதிக்கு அளவை வேண்டும். தனித்திறன் வீச்சில் அழகும் வேகமும் அளக்கப்படுகின்றன. கம்புச் சண்டையில் வட்டத்துக்குள் இருவர் நின்று தொடுபுள்ளி பெறுகின்றனர். ஒருவர் நால்வரை எதிர்கொள்வதை அளக்க நடுவரால் இயலாது. காயம் நேரும் வாய்ப்பும் மிகுதி. எனவே அது போட்டியில் இல்லை. போட்டியில் இல்லாததற்குப் பயிற்சி நேரம் ஒதுக்க மாணவரும் பெற்றோரும் தயங்குவது இயல்பு. ஆசானும் மாணவர் நலன் கருதிப் போட்டிக்குரியதையே முதலில் சொல்லித் தருகிறார். குற்றம் எவர்மீதும் இல்லை; இழப்பு மட்டும் இருக்கிறது.

இழப்பில் முதலில் போவது சொல். ஓர் அடிமுறையை வேறு பெயரில் பின்னர் மீட்டுவிடலாம். ஆனால் வீடு கட்டுதல் என்ற பெயருக்குள் இருக்கும் கருத்தை, காலடி ஒவ்வொன்றுக்கும் வட்டாரந்தோறும் வழங்கும் பெயரை, மாணவர் தவறும்போது ஆசான் சொல்லும் திருத்தச் சொல்லை, கணக்கிட்டு ஆட உதவும் சொற்கட்டை இழந்தால் மீட்பதற்கு வழியில்லை. துளுக்காணம், குறவஞ்சி, மறக்காணம், நாகசீறல் எனப் பலவாகச் சொல்லப்படும் சிலம்ப வகைகளுக்குள் இவை எவ்வாறு வேறுபடுகின்றன என்பதற்கு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க முழுமையான சொற்றொகுதி நம் துறைகளின் கையில் இருக்க வேண்டும்.

எழக்கூடிய தடைகள்

இது உடற்கல்வித் துறையின் பணி என்ற தடை எழலாம். உடலியக்கத்தை அளப்பது அவர்தம் பணியே. ஆனால் ஒரு காலடியின் பெயர் ஏன் அப்பெயராயிற்று, அச்சொல் வேளாண்மையிலோ நெசவிலோ கூத்திலோ வேறு பொருளில் வழங்குகிறதா, வட்டாரந்தோறும் எவ்வாறு திரிகிறது என்ற வினாக்களைத் தமிழ்த்துறையே கேட்க இயலும். கைத்தொழிற் சொற்களையும் மீனவர் சொற்களையும் தொகுத்தது போன்றதே இதுவும்.

மரபில் மறைபொருள் உண்டு, ஆசான் எல்லாவற்றையும் சொல்லமாட்டார் என்பது மற்றொரு தடை. சொல்ல விரும்பாததைக் கேட்காமல் விடுவதும் ஆய்வு நெறியே. 'இது கற்போர்க்கு மட்டும் உரியது' என்ற குறிப்போடு ஓர் இடத்தை வெற்றாக விடுவதால் பதிவு குறைபட்டுவிடாது. சொல்லியவரின் பெயரும் ஊரும் அவர் இசைவோடு பதிவில் நிற்க வேண்டும். அவர்தம் அறிவு ஆய்வாளரின் பெயரில் மட்டும் வெளிவருதல் தகாது.

மூன்றாவது, சற்றுக் கூர்மையானது. சில அடிமுறைகள் குறிப்பிட்ட சாதிகளின் பெயரோடு வழங்குகின்றன. அவற்றைப் பதிவு செய்வது சாதிப் பெருமைக்குத் துணைபோகாதா என்று கேட்கலாம். பதிவு செய்யாமை அப்பெருமையைத் தடுக்கவில்லை என்பதை நாம் காண்கிறோம். ஒரே காலடி மூன்று வேறு குழுவினரிடம் மூன்று வேறு பெயரில் வழங்குவதைச் சான்றோடு காட்டும் பதிவே, ஒரு கலை எவர் ஒருவரின் தனியுடைமையும் அன்று என்பதை மெய்ப்பிக்கும்.

செய்யத்தக்கன

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களை முதற்களமாகக் கொள்ளலாம். கங்கைகொண்ட சோழபுரத்தின் பெயரால் மிகுதியாகப் பேசப்படும் பகுதி என்பதே அதற்குக் காரணம்; பேச்சு மிகுந்த இடத்தில் சான்றும் மிகுதல் நன்று. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் இப்பகுதிக்கு அணிமையில் உள்ளன.

ஒவ்வொரு பயிற்சிக்கும் பதிவு செய்ய வேண்டியவை சிலவே: களத்தின் அளவு, கம்பின் நீளமும் பொருளும், எதிர்நிற்போர் எண்ணிக்கையும் அவர்கள் நிற்கும் திசையும், ஆசான் தொடங்கும்போதும் திருத்தும்போதும் முடிக்கும்போதும் சொல்லும் சொற்கள், அதே பயிற்சியை அடுத்த ஊரில் எவ்வாறு சொல்கின்றனர் என்பது, பதிவு செய்த நாள். காணொளி மட்டும் போதாது. காணொளியில் கால் தெரியும். கால் ஏன் அங்கே போயிற்று என்பது ஆசானின் வாய்ச்சொல்லில்தான் தெரியும். ஒரு முனைவர்ப்பட்ட ஆய்வேட்டின் கால அளவுக்குள் ஒரு மாவட்டத்தை முடித்துவிடலாம்.

மறுபக்கத்தில், கல்வெட்டறிஞரும் ஊர்ப்பெயராய்வாளரும் ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் ஆகிய பெயர்கள் எக்காலம் முதல் எழுத்தில் காணப்படுகின்றன என்று தேட வேண்டும். இரு தேடல்களும் தனித்தனியே நிகழ வேண்டும். அவை ஒருநாள் சந்திக்கக்கூடும், சந்திக்காமலும் போகலாம். சந்திப்பை முன்கூட்டியே அறிவித்துவிட்டுத் தேடத் தொடங்குவது மட்டும் கூடாது.

முடிவுரை

கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்வெட்டுகளும் ஊர்ப்பெயர்களும் படையினர் இருந்ததைச் சொல்கின்றன. அவர்கள் எவ்வாறு பயின்றனர் என்று சொல்லவில்லை. சிலம்பக் களம் எவ்வாறு பயில்வது என்று சொல்கிறது. அது எக்காலத்தது என்று சொல்லவில்லை. ஒன்றின் மௌனத்தை மற்றதன் குரலால் நிரப்புவது எளிது. ஆனால் அது இரண்டின் குரலையும் கெடுக்கும்.

சிலம்பம் ஆயிரமாண்டுப் பழைமை உடையதா என்பதை நிறுவ நாம் காத்திருக்கலாம். கல் எங்கும் போய்விடாது. வீடு கட்டுதலில் எந்தக் கால் முதலில் திரும்ப வேண்டும் என்று அறிந்த முதிய ஆசானைக் கேட்கக் காத்திருக்க இயலாது. தொன்மையைப் பற்றி எழுதுவதற்கு முன், இன்று வழங்கும் சொல்லை எழுதிவைப்போம்.